அந்தப் படச்சுருள்களில் மக்களுக்கும் பங்கு உண்டு

1955-ம் ஆண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சன். என்பிசி நிறுவனத்தின் நிகழ்ச்சி ஒன்றில் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தோன்றினார். பள்ளிப் பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரித்துவைப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்ற தீர்ப்பை, அதற்கு முந்தைய ஆண்டுதான் உச்ச நீதிமன்றத்தில் வாதாடிப் பெற்றிருந்தவர் அவர். ஆனால், ஜாக்சன் மக்களுக்கு அவரைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. உள்ளூர் நிலையமான டபிள்யூஎல்பிடி, அவர் பேச்சைத் துண்டித்துவிட்டு, ‘மன்னிக்கவும், கேபிள் கோளாறு’ என்ற அட்டையைத் திரையில் காட்டியது. கோளாறு எதுவும் இல்லை. அப்படிச் செய்ததை நிலையத்தின் மேலாளரே பின்னர் வெள்ளை இனவாதிகளின் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

சிவில் உரிமை இயக்கத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் சில காட்சிகளாகவே அறிந்திருக்கிறோம். வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங்கின் உரை, பர்மிங்காமில் சிறுவர்கள்மீது பாய்ச்சப்பட்ட தண்ணீர், செல்மா பாலத்தில் விழுந்த தடியடி. இவை தேசியத் தொலைக்காட்சிகள் உலகுக்குக் காட்டியவை. இவற்றுக்கு அடியில், நூற்றுக்கணக்கான ஊர்களில் உள்ளூர் நிலையங்களின் ஒளிப்பதிவாளர்கள் அன்றாடம் எடுத்த செய்திப் படச்சுருள்கள் இருக்கின்றன. கறுப்பின மக்கள் தங்கள் தெருவில், தங்கள் பள்ளி வாசலில், தங்கள் நகராட்சி அலுவலகத்தில் நடத்திய போராட்டங்களின் சாட்சியம் அவற்றில்தான் உள்ளது. அந்தச் சுருள்களில் பல அழிந்துவிட்டன. மிஞ்சியவற்றில் பல, பெட்டிகளிலும் நிறுவனங்களின் கிடங்குகளிலும் முடங்கிக் கிடக்கின்றன. அவற்றை மீட்டு, அவற்றில் இருப்பவர்களின் பெயர்களைச் சேர்த்து, அந்த மக்களிடமே திருப்பிக் கொடுப்பது சிவில் உரிமைப் போராட்டத்தின் முடிக்கப்படாத பகுதி. இது ஆவணக் காப்பாளர்களுக்கு மட்டுமான வேலை அன்று.

திரையில் தோன்றக் கொடுத்த விலை

ஜாக்சனின் கதையைத் தொடர்ந்து பார்ப்போம். 1963 மே மாதம், நகர மேயர் ஆலன் தாம்சன் தொலைக்காட்சியில் தோன்றி, போராட்டக்காரர்களைச் சாடினார். மறுமொழி சொல்ல எங்களுக்கும் நேரம் வேண்டும் என்று கேட்டார் மெட்கர் எவர்ஸ். கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பின் மிசிசிப்பி களச் செயலாளர் அவர். மே 20 அன்று டபிள்யூஎல்பிடியில் அவருக்குப் பதினேழு நிமிடங்கள் கிடைத்தன. ஒரு கறுப்பினத்தவர் தன் மக்களின் வாழ்க்கையைப் பற்றித் தன் வாயாலேயே சொல்வதை அந்த மாநிலத்தின் வீடுகள் கேட்டது பெரும் நிகழ்வு. அதுவரை பெயராக மட்டும் அறியப்பட்டவரின் முகம் அன்று எல்லோருக்கும் தெரிந்தது. ஜூன் 12 அதிகாலை, தன் வீட்டு வாசலிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிக்குத் தண்டனை கிடைக்க 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் ஒரு கறுப்பினக் குடிமகன் கேமரா முன் நிற்பது என்றால் வேலையை, வீட்டை, உயிரைப் பணயம் வைப்பது என்று பொருள். ஊர்வலச் சுருள்களில் தெரியும் ஒவ்வொரு முகமும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டே கேமரா முன் வந்த முகம்.

எவர்ஸ் மறைந்த அடுத்த ஆண்டு, ஐக்கிய கிறிஸ்து திருச்சபையின் தகவல்தொடர்புப் பிரிவை நடத்திவந்த எவரெட் பார்க்கர் ஒரு வேலை செய்தார். ஜாக்சனில் தன்னார்வலர்களைத் திரட்டி, ஒரு வாரம் முழுக்க நிலையத்தின் ஒளிபரப்பைக் காலை முதல் இரவு வரை உட்கார்ந்து குறிப்பெடுக்கச் செய்தார். அவர்களுக்கு ஆபத்து நேரக் கூடாது என்பதற்காகப் பெயர்கள் ரகசியமாகக் காக்கப்பட்டன. அந்த ஒளிபரப்புப் பகுதியில் 40 விழுக்காட்டுக்கும் மேல் கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். திரையிலோ அவர்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. வெள்ளையர்களை ‘மிஸ்டர்’, ‘மிஸஸ்’ என்று மரியாதையோடு குறிப்பிட்ட நிலையம், கறுப்பினத்தவரை வெறும் பெயர் சொல்லி அழைத்தது என்பதும் புகாரில் இடம்பெற்றது. உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று திருச்சபையும், ஆரன் ஹென்றி, ராபர்ட் ஸ்மித் என்ற இரு மிசிசிப்பித் தலைவர்களும் மனு கொடுத்தார்கள்.

ஒளிபரப்பை முறைப்படுத்தும் எஃப்சிசி ஆணையம் சொன்ன பதில் முக்கியமானது. உரிமம் பற்றி வழக்காட வேண்டுமானால் உங்களுக்குப் பொருளாதார நஷ்டம் ஏற்பட்டிருக்க வேண்டும், அல்லது உங்கள் அலைவரிசைக்கு இடையூறு நேர்ந்திருக்க வேண்டும். வெறும் பார்வையாளருக்கு வழக்காட உரிமை இல்லை என்றது ஆணையம். 1966-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஒளிபரப்பைப் பார்க்கும், கேட்கும் பொதுமக்களுக்கே அதில் முதன்மையான அக்கறை உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும் என்று எழுதினார் நீதிபதி வாரன் பர்கர். ஆணையம் மீண்டும் உரிமத்தைப் புதுப்பித்தபோது, 1969-ல் நீதிமன்றம் அதையும் ரத்துசெய்தது. நிலையம் கைமாறியது. 1972-ல் வில்லியம் டில்டே என்ற கறுப்பினத்தவர் அதே நிலையத்தின் பொது மேலாளராகப் பொறுப்பேற்றார். ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது.

இந்தத் தீர்ப்பை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அலைவரிசை பொதுச் சொத்து, நிலையங்கள் அதன் அறங்காவலர்கள் மட்டுமே என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அடிப்படை. அப்படியானால், அந்த அலைவரிசைக்காகப் படமெடுத்துச் சேர்த்த சுருள்களிலும் மக்களுக்குப் பங்கு இருக்கத்தானே வேண்டும்? ஒளிபரப்பு நடக்கும்போது வாய் திறக்க உரிமை பெற்ற மக்களுக்கு, அந்த ஒளிபரப்பின் நினைவில் பங்கு இல்லை என்பது எந்த வகையில் நியாயம்?

தேசியக் கேமரா போன பிறகு

உள்ளூர்ப் பதிவுகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரம் நல்ல எடுத்துக்காட்டு. 1961-62-ல் அங்கே பெரும் போராட்டம் நடந்தது. நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றார்கள். கிங்கும் சிறை சென்றார். ஆனால், நகரக் காவல் தலைவர் லாரி பிரிட்செட் கேமராவின் பலத்தை அறிந்தவர். கேமராவுக்கு முன்னால் தடி தூக்காமல், அமைதியாகக் கைதுசெய்து, அக்கம்பக்கத்துச் சிறைகளுக்கு ஆட்களை அனுப்பிவைத்தார். ரத்தம் சிந்தாததால் தேசியத் தொலைக்காட்சிக்குப் ‘படம்’ கிடைக்கவில்லை. ஆல்பனி தோல்வி என்றே பல நூல்கள் எழுதிவிட்டன.

அந்த ஊரின் நிலையமோ, இனப் பிரிவினையை ஆதரித்த ஜேம்ஸ் கிரே என்ற பத்திரிகை அதிபரின் கையில் இருந்தது. இருந்தும் அந்த நிலையம் எடுத்த படங்களும், அட்லாண்டாவின் டபிள்யூஎஸ்பி நிலையம் எடுத்த படங்களும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் காக்கப்பட்டு, இன்று இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் வழியே பார்த்தால் தோல்வி என்ற சொல் நிற்காது. கைதானவர்கள், பேச்சுவார்த்தைக்குப் போனவர்கள், மறுபடி ஊர்வலம் புறப்பட்டவர்கள் என்று ஓர் ஊரே அரசியல் பழகுவது தெரிகிறது. வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகர டபிள்யூஎஸ்எல்எஸ் நிலையத்தின் செய்திச் சுருள்களும் அப்படித்தான். 1971 வரையிலான இரு பதிற்றாண்டுச் செய்திகளை வர்ஜீனியா பல்கலைக்கழகம் எண்ணிமப்படுத்தியிருக்கிறது. நீதிமன்றம் ஆணையிட்ட பின்னும் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைக்க மாநில அரசு மறுத்த காலம் அது. அந்த மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிட அரசுப் பள்ளிகளையே மூடிவிடலாம் என்று முடிவெடுத்து, 1959 முதல் 1964 வரை மூடியே வைத்திருந்தது. ஐந்து ஆண்டுகள் பள்ளி இல்லாமல் வளர்ந்த குழந்தைகளின் காலத்தைப் புரிந்துகொள்ள, தலைவர்களின் உரைகள் மட்டும் போதாது.

ஒலியில்லாத மூன்று நிமிடங்கள்

அந்தச் சுருள்களின் தன்மையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அன்றைய உள்ளூர் ஒளிப்பதிவாளர் கையில் பெரும்பாலும் சாவி கொடுத்து ஓட்டும் 16 மி.மீ. கேமரா இருந்தது. நூறு அடிச் சுருள் போட்டால் மூன்று நிமிடம்கூட ஓடாது. ஒலிப்பதிவுக் கருவி கனமானது. முக்கியப் பேட்டிகளுக்கே வரும். எனவே, ஊர்வலமும் மறியலும் பெரும்பாலும் ஒலியில்லாமல் பதிவாயின. மதியத்துக்குள் எடுத்து, நிலையத்துக்கு விரைந்து, ஃபிலிமைக் கழுவி, வெட்டி ஒட்டி, மாலைச் செய்திக்குத் தயாராக வேண்டும். செய்தி வாசிப்பவர் நேரலையில் தாளைப் பார்த்து வாசிப்பார். பின்னால் படம் ஓடும். வாசித்த குரல் காற்றோடு போயிற்று. தாளும் தொலைந்திருந்தால், எஞ்சுவது ஊமைப் படம் மட்டுமே. ரோனோக் தொகுப்பின் பெருமதிப்பு, படங்களோடு, செய்தி வாசித்த தாள்களும் பிழைத்திருப்பதில் இருக்கிறது. திரையில் என்ன தெரிந்தது என்பதோடு, அதை அந்த ஊருக்கு என்னவென்று சொன்னார்கள் என்பதையும் அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

என்னவென்று சொன்னார்கள் என்பதுதான் பல நேரங்களில் தீர்ப்பாகிவிடுகிறது. 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதி கொந்தளித்தபோது, கேடிஎல்ஏ நிலையம் ஹெலிகாப்டரிலிருந்து நேரடியாகப் படம்பிடித்தது. தொழில்நுட்பத்தில் அது சாதனை. ஆனால், அந்த உயரத்திலிருந்து தீயும் புகையும் தெரிந்தன. வேலையின்மையும், குடியிருப்புகளின் நிலையும், காவல் துறையின் அன்றாட அடாவடியும் தெரியவில்லை. 34 பேர் உயிரிழந்தார்கள். இத்தகைய நகரக் கலவரங்களை ஆராய்ந்து மூன்றாண்டுகளுக்குப் பின் வெளியான கெர்னர் ஆணைய அறிக்கை, ஊடகங்கள் வெள்ளையரின் கண்களாலேயே நாட்டைப் பார்த்துவந்தன என்று வெளிப்படையாகக் குற்றம்சாட்டியது. செய்தித் துறையின் ஆசிரியப் பணிகளில் கறுப்பினத்தவர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் அது சுட்டிக்காட்டியது.

1991 மார்ச்சில் அதே நகரத்தில், ரோட்னி கிங் என்பவரைக் காவலர்கள் சூழ்ந்து அடித்ததை ஜார்ஜ் ஹாலிடே என்ற குடியிருப்பாளர் தன் மாடத்திலிருந்து வீடியோ எடுத்தார். அதை அவர் கொண்டுபோய்க் கொடுத்ததும் கேடிஎல்ஏ நிலையத்திடம்தான். உலகமே பார்த்தது. இனி மறுக்க முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால், வழக்கில் காவலர் தரப்பு வழக்கறிஞர்கள் அதே வீடியோவை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி நிறுத்திக் காட்டி, அடிபட்டவரையே அச்சுறுத்தலாகச் சித்திரித்தார்கள். 1992 ஏப்ரலில் நடுவர் குழு ஏறத்தாழ எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் காவலர்களை விடுவித்தது. படம் தானாகப் பேசும் என்பது நமது பேராசை. படத்துக்குப் பக்கத்தில் யார் நின்று விளக்குகிறார்கள் என்பதைப் பொறுத்தே அது சாட்சியாகிறது.

வெட்டப்பட்ட பதினைந்து நிமிடங்கள்

கறுப்பினத்தவரே பக்கத்தில் நின்று விளக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோவின் கேகியூஇடி நிலையம் 1963-ல் எடுத்த ‘டேக் திஸ் ஹேமர்’ ஆவணப்படம் சான்று. எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினை, ஆர்வில் லஸ்டர் என்ற சமூகப் பணியாளர் நகரத்தின் கறுப்பினக் குடியிருப்புகளுக்கு அழைத்துச் செல்கிறார். தெற்கே நடக்கும் கொடுமை தங்கள் முற்போக்கு நகரத்தில் இல்லை என்று அங்கிருந்த வெள்ளையர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம். ஹன்டர்ஸ் பாயின்ட் பகுதியில் இளைஞர்கள் பால்ட்வினைச் சூழ்ந்துகொண்டு, வேலையே கிடைக்காத கதையைச் சொல்கிறார்கள். இந்த நாட்டில் கறுப்பினத்தவர் ஒருவர் ஒருபோதும் அதிபராக மாட்டார் என்கிறான் ஒருவன். வேலையே கிடைக்காதவன் எப்படி அதிபராவது என்பது அவன் வாதம். ஆவார், ஆனால் அன்று இது இப்போது நாம் உட்கார்ந்திருக்கும் நாடாக இருக்காது என்று அவனுக்கு மறுமொழி சொல்கிறார் பால்ட்வின்.

நிலையத்தின் நிர்வாகக் குழுவுக்கு இந்தப் பேச்சு கசந்தது. ஏறக்குறைய பதினைந்து நிமிடங்கள் வெட்டப்பட்ட பிறகே படம் ஒளிபரப்பானது. அரை நூற்றாண்டு கழித்து, சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வளைகுடாப் பகுதித் தொலைக்காட்சி ஆவணக்காப்பகம், இயக்குநர் ரிச்சர்ட் மூர் முதலில் தொகுத்த வடிவத்தை மீட்டு, இணையத்தில் வைத்தது. அந்தக் காப்பகம் இருக்கும் அதே வளாகத்தில்தான் 1968 நவம்பர் தொடங்கி ஏறக்குறைய ஐந்து மாதங்கள் கறுப்பின மாணவர் சங்கமும் பிற சிறுபான்மை மாணவர்களும் வேலைநிறுத்தம் நடத்தி, தங்கள் வரலாற்றைப் பாடமாகக் கற்பிக்கும் துறையைப் பெற்றார்கள். அந்தப் போராட்டத்தின் செய்திச் சுருள்களும் அங்கேயே இருக்கின்றன. தாத்தா தலைமுறை மறியல் செய்த இடத்திலேயே பேத்தி உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்க முடிகிறது. ஆவணக்காப்பகம் என்பது இப்படித்தான் இருக்க வேண்டும்.

யார் இவர்கள்?

உள்ளூர்ச் சுருள்களின் பெரிய குறை, பெயர்கள். டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டில் மேயரின் பெயர் இருக்கும், ஷெரீப்பின் பெயர் இருக்கும். ஊர்வலத்தில் வந்தவர்கள் ‘நீக்ரோக்கள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுவார்கள். அட்டவணை போடுபவர் அந்தச் சீட்டையே நகலெடுத்தால், அன்றைய அவமதிப்பு இன்றைய கணினித் தேடலிலும் தொடரும். ஒரு பெண் தன் தாயின் பெயரைத் தட்டச்சு செய்து தேடினால் எதுவும் கிடைக்காது. தாய் மட்டும் அந்தப் படத்தில் நடந்துகொண்டிருப்பார்.

இதை மாற்ற முடியும் என்று சிகாகோவின் கார்டெம்க்வின் என்ற ஆவணப்பட நிறுவனம் காட்டியிருக்கிறது. 1963 அக்டோபர் 22 அன்று, பிரிவினைக்கு இடம்கொடுத்த பள்ளி நிர்வாகத்தை எதிர்த்து சிகாகோவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். அன்று எடுத்த படங்களை நிறுவனத்தினர் இணையத்தில் வைத்து, இவர்களை உங்களுக்குத் தெரியுமா என்று ஊரைக் கேட்டார்கள். மக்கள் தங்களையும் உறவினரையும் அடையாளம் கண்டு சொன்னார்கள். வயதான பிறகு தங்கள் இளமைக் கோபத்தைப் பற்றிக் கேமரா முன் பேசினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்த போராட்டத்தின் படத்தில், காவலர்கள் இழுத்துச் செல்லும் ஒரு வெள்ளை இன மாணவர் பெர்னி சாண்டர்ஸ் என்பது 2016-ல்தான் உறுதியானது. அவர் அதிபர் தேர்தல் களத்தில் இருந்ததால் தேடினார்கள், கண்டுபிடித்தார்கள். அவரோடு அதே தெருவில் நின்ற கறுப்பினப் பெற்றோருக்கும் அந்த அக்கறை கிடைக்க வேண்டாமா?

வேதியியல் காத்திருக்காது

காலம் குறைவாக இருக்கிறது. அந்தக் காலத்து அசிடேட் ஃபிலிம், வெப்பமும் ஈரமும் பட்டால் சிதையத் தொடங்கும். டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை வீசும். சுருள் சுருங்கி, விறைத்து, கருவியில் ஏறாது. 1970-களின் நடுவில் நிலையங்கள் வீடியோ நாடாவுக்கு மாறியபோது வேறொரு இழப்பு வந்தது: நாடா விலை அதிகம் என்பதால் பழைய செய்தியை அழித்துவிட்டு அதன்மீதே புதியதைப் பதிந்தார்கள். தேசிய மாலைச் செய்திகளை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்ட் முதல் பதிந்துவைக்கிறது. உள்ளூர்ச் செய்திகளுக்கு அப்படிப்பட்ட பாதுகாவலர் இல்லை; செய்தியைக் காத்துவைக்க வேண்டும் என்று நிலையங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் இல்லை. பிலடெல்பியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, முன்னாள் நூலகர், போராளி, 1970-களின் இறுதி முதல் 2012-ல் தான் இறக்கும்வரை இரவு பகலாகத் தொலைக்காட்சியைத் தன் வீட்டிலேயே பதிந்து, ஏறக்குறைய 70,000 நாடாக்களை விட்டுச்சென்றார். நிறுவனங்கள் செய்யத் தவறியதைத் தனி ஒருவர் தன் சொந்தச் செலவில் செய்ய வேண்டியிருந்தது.

காக்கப்பட்டவையும் எளிதில் கிடைப்பதில்லை. ஹென்றி ஹாம்டன் 1987-ல் தந்த ‘ஐஸ் ஆன் தி பிரைஸ்’ தொடர் சிவில் உரிமை இயக்கத்தின் பாடநூல் போன்றது. அதில் பயன்படுத்திய காட்சிகள், பாடல்கள், புகைப்படங்கள் ஆகியவற்றின் உரிமக் காலம் முடிந்துபோனதால், அது பல ஆண்டுகள் ஒளிபரப்பாக முடியாமல் நின்றது. அறக்கட்டளைகளின் நிதியுதவியோடு உரிமங்களைப் புதுப்பித்த பிறகு, 2006-ல்தான் பொதுத் தொலைக்காட்சிக்குத் திரும்பியது. தாங்கள் அடிவாங்கிய காட்சியைத் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட, கட்டணம் கட்டிக் காத்திருக்கும் நிலை எந்தச் சமூகத்துக்கும் வரக் கூடாது.

பாதுகாப்புக்குப் பணம் வேண்டும், நிலையங்கள் வணிக நிறுவனங்கள் என்பது உண்மைதான். திரைப்படத் தயாரிப்பு நிறுவனங்களிடம் அவர்கள் கட்டணம் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால், படம் எடுக்கப்பட்ட ஊரின் பள்ளிகளும் நூலகங்களும் தேவாலயங்களும் குடும்பங்களும் கட்டணமின்றிப் பார்க்க வேண்டும். உரிமம் புதுப்பிக்கப்படும்போது, உங்கள் பழைய செய்திச் சுருள்களை என்ன செய்தீர்கள் என்ற கேள்வியையும் நிலையங்களிடம் கேட்க வேண்டும். நிலையம் கைமாறும்போது சுருள்களைக் குப்பையில் போடாமல், பொதுக் காப்பகத்துக்குக் கொடுக்கும் கடமையைச் சட்டமாக்க வேண்டும். அட்டவணைப் பணியில் அந்தந்த ஊரின் கறுப்பின முதியவர்களை ஊதியம் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். படத்தில் தோன்றுபவரோ அவர் குடும்பத்தினரோ ஒரு காட்சியை வெளியிட வேண்டாம் என்று காரணத்தோடு கேட்டால், அதற்கும் மதிப்பளிக்க வேண்டும்.

1963-ல் பதினாறு வயதில் தெருவுக்கு வந்தவர்கள் இன்று எண்பதை ஒட்டிய வயதில் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்து, இவர் இன்னார், இது இன்ன தெரு, நாங்கள் அன்று கேட்டது இது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. எண்ணிமக் கருவி அடுத்த ஆண்டு மலிவாகலாம்; அந்த நினைவாற்றலை அடுத்த ஆண்டு விலைக்கு வாங்க முடியாது. எனவே, நிதி ஒதுக்குபவர்களும் காப்பகங்களும் நிலையங்களும் முதலில் செய்ய வேண்டியது, சுருள்களைத் தூக்கிக்கொண்டு அந்த மக்களிடம் போவதுதான்.